‘பருகுதல்’ என்னும் பெயரும் அது மறைத்த கேள்வியும்

1931-இல் பால்டிமோரில் வாரன் லூயிஸ், வளர்ப்பு ஊடகத்தில் இருந்த மேக்ரோஃபேஜ் செல்களை இடைவெளி விட்டுப் படம்பிடித்தார். செல்லின் சவ்வு திரைச்சீலைபோல் எழுந்து மடிந்து, சுற்றியிருந்த திரவத்தை வளைத்து உள்ளே இழுப்பது அப்படங்களில் தெரிந்தது. ‘குடி’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் ‘பினோசைட்டோசிஸ்’ எனப் பெயரிட்டார். மெச்னிகாஃப் கண்டறிந்த ‘விழுங்கல்’ நிகழ்வுக்கு அது இணைச்சொல்லாயிற்று. பெரிய திரவக் குமிழிகளை உருவாக்கும் வகை பின்னர் ‘மேக்ரோபினோசைட்டோசிஸ்’ எனத் தனித்து அழைக்கப்பட்டது.

பெயர் நிகழ்வைச் சொல்லிற்று, கட்டுப்பாட்டைச் சொல்லவில்லை. செல் எப்போது பருகத் தொடங்குகிறது, எது அதை முடித்துவைக்கிறது?

முதல் விடை 1986-இல் கிடைத்தது. பார்-சாகியும் ஃபெராமிஸ்கோவும் ஓய்வுநிலையில் இருந்த செல்களுக்குள் ராஸ் புரதத்தைச் செலுத்தியபோது சவ்வு மடிப்புகள் எழுந்தன. திரவ உறிஞ்சலும் பெருகிற்று. 1996-இல் அராக்கி, ஜான்சன், ஸ்வான்சன் ஆகியோர் பிஐ3 கைனேஸைத் தடுத்தனர். மடிப்புகள் எழுந்தன, ஆனால் அவை மூடிக் குமிழிகளாகவில்லை. தொடக்கமும் முடிவும் வெவ்வேறு கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டவை என்பது இதனால் தெளிவாயிற்று. சவ்வின் கொலஸ்ட்ராலைக் குறைத்தால் மடிப்பெழுதலே தடைபடுகிறது என 2002-இல் கிரிம்மர் குழு காட்டியது.

சவ்வுக் கொலஸ்ட்ரால் பற்றிய வினா ஹைதராபாத்திலும் ஆராயப்பட்டது. 1977-இல் புஷ்ப மித்ர பார்கவாவின் முயற்சியால் உருவான செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில், அமிதாப சட்டோபாத்யாயின் குழு செரோடோனின்1ஏ ஏற்பியைப் பின்தொடர்ந்தது. ஸ்டாட்டின் மருந்தால் கொலஸ்ட்ரால் நெடுநேரம் குறைக்கப்பட்ட வளர்ப்புச் செல்களில், ஏற்பி வழக்கமான கிளாத்ரின் வாயிலை விட்டுக் கேவியோலின் வாயில் வழியே நுழைந்தது. மீண்டும் மேற்பரப்புக்குத் திரும்பாமல் சிதைவுக்கு அனுப்பப்பட்டது. இது மேக்ரோபினோசைட்டோசிஸ் அன்று, மற்றொரு நுழைவழி. எனினும் இவ்விரு ஆய்வுகளிலும் தெரியும் உண்மை ஒன்றே: சவ்வு வெறும் வேலியன்று, நுழைவழியைத் தீர்மானிப்பதில் அதன் கொழுப்புக்கும் பங்குண்டு.

இக்கேள்வியின் முக்கியத்துவம் 2013-இல் மேலும் புலப்பட்டது. ராஸ் பிறழ்ந்த புற்றுநோய்ச் செல்கள் இவ்வழியில் புறப்புரதத்தைப் பருகி, அதைச் சிதைத்து அமினோ அமிலங்களாகப் பயன்படுத்துவதைக் கொமிசோவும் உடன் ஆய்வாளர்களும் நிறுவினர். ஓய்வுநிலைச் செல்லில் அடங்கியிருக்கும் பருகுதல், அச்செல்களுக்கு உணவு வழியாகிறது. பருகுதல் என்னும் சொல்லில் தாகம் மட்டுமே ஒலிக்கிறது. அந்நிகழ்வின் வரலாறோ கட்டுப்பாட்டின் வரலாறாகவே விரிந்துள்ளது.