கம்பெனி 1988-லேயே மூடியாச்சு, கார் மட்டும் ஓடுது: ஒரு ஹெரால்டின் கதை

இது கொஞ்சம் நீளமான இழை. மருத்துவம் கம்மி, கார் ஜாஸ்தி. டீயோடு உட்காருங்க.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காவேரிப்பாக்கம் பக்கம் பெங்களூரு ஹைவேயில் நின்றிருக்கிறீர்களா? ஏழு மணிவாக்கில் ஒரு உறுமல் கேட்கும். சென்னையிலிருந்து கூட்டமாகக் கிளம்பி வரும் போர்ஷே, மஸ்டாங் வகையறாக்கள். 100 கிலோமீட்டரை விடியற்காலையில் விழுங்கிவிட்டு வருவார்கள். நம்ம ஏரிக்கரை கொக்கெல்லாம் எழுந்து ஒரு சுற்று சுற்றி உட்காரும். ஒரு நிமிஷம்தான். போய்விடுவார்கள்.

போன வருஷம் அப்படி ஒரு கூட்டம் போன பிறகு, ஒரு சின்ன வெளிர்நீலக் கார் திக்கித் திணறி வந்து, ஊருக்குள் திரும்பி, நான் டீ குடிக்கும் கடை ஓரமாக நின்றது. இறங்கின தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இருந்த கொக்கியை விடுவித்தார். பானெட் மட்டும் இல்லைங்க, மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்த்து மொத்த முகமும் முதலை வாய் மாதிரி முன்னால் சாய்ந்து திறந்தது. முன் டயர் மேலேயே சாவகாசமாக உட்கார்ந்து ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஐம்பது வயசு தாண்டினவர்களுக்கு இப்போதே மனசுக்குள் ஏதோ ஓடும், தெரியும்.

"பார்ட்ஸ் எல்லாம் எங்க தம்பி கிடைக்குது? கம்பெனியே இல்லையே?"

"இங்கிலாந்துல இருந்து வருது டாக்டர். ஸ்பிட்ஃபயர்னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருக்கு. அதோடது இதுக்குச் சேரும்."

வண்டலூர்ல செஞ்ச குடும்பக் காருக்கு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் பார்ட்ஸ் எப்படிச் சேரும்? அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்த இழை.

1950-களின் பிரிட்டனுக்குப் போவோம். ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் என்று கோவென்ட்ரி நகரில் ஒரு கம்பெனி. அவர்களுக்கு கார் பாடி செய்து தந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953-ல் அந்த நிறுவனத்தை, போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. அடுத்த காருக்கு முழு பாடியை ஒரே இடத்தில் செய்து தர ஆளில்லை. என்ன செய்வது? பழைய காலத்து மாதிரி தனியாக ஒரு சேசிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்து, போல்ட் போட்டு மாட்டிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அழகான உருவத்தை வரைந்து தந்தவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிகெலோட்டி. 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு வெளிவந்தது.

நெருக்கடியில் எடுத்த அந்த முடிவுதான் இந்த காரின் ஆயுள் ரேகை. போல்டில் மாட்டின காரை, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் கழற்றலாம். துருப்பிடித்த துண்டை மட்டும் மாற்றலாம். சேசிஸ் தனியாக இருந்ததால் அதே சேசிஸை நீளம் குறைத்து, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த பாடி ஒன்றை மாட்டினார்கள். 1962-ல் வந்த அந்த வண்டிதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் விற்றது. வரைந்தவரும் அதே மிகெலோட்டி. ஆக, அந்தத் தம்பி சொன்னது சரி. இரண்டும் அண்ணன் தம்பி. ஒருத்தன் கவர்ன்மென்ட் ஆபீஸ், இன்னொருத்தன் கிரிக்கெட் டீம்.

இந்தியாவில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1948-லேயே மெட்ராஸில் தொடங்கிவிட்டது. தொழிற்சாலை வண்டலூர் பக்கம். 1961-ல் இரண்டு கதவு ஹெரால்டு இங்கே வந்தது, 948 சிசி எஞ்சின். பிறகு 1147 சிசி. ஸ்பிட்ஃபயர் முதலில் ஓடினதும் அதே 1147 குடும்பத்தில்தான். 1968-ல் பிரிட்டனிலேயே இல்லாத நான்கு கதவு ஹெரால்டை நம்ம ஆட்கள் செய்தார்கள். பின்சீட்டில் பாட்டி ஏற வேண்டாமா!

அன்றைக்கு இந்தியாவில் கார் என்றால் மூன்றே மூன்றுதான்: அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் இறக்குமதி நடுத்தரக் குடும்பத்துக்கு நினைக்கவே முடியாத விஷயம். வேகம் பிடித்த மெட்ராஸ் பையன்கள் என்ன செய்தார்கள்? இருக்கிற காரையே ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கினார்கள். சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் சும்மா கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் புது டிராக் வரும்வரை சோழவரம்தான் மெக்கா. சீட்டைக் கழற்றி எடையைக் குறைத்து, கார்புரேட்டரை மாற்றி, ஃபியட்டையும் ஹெரால்டையும் அங்கே விரட்டினார்கள். ஓட்டினவர்கள் பெயர் பேப்பரில் வந்தது. முந்தின ராத்திரி முழுக்கத் தூங்காமல் டேப்பட் சரி செய்த மெக்கானிக் பெயர் வரவில்லை.

இப்போ என் துறை கொஞ்சம்.

ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் பிறவியிலேயே ஒரு நோய். பின்சக்கரங்கள் தொங்குகிற முறைக்கு ஸ்விங் ஆக்சில் என்று பெயர். வளைவில் வேகமாகத் திரும்பி, பயந்து சட்டென்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கி வண்டி பின்னாலிருந்து தூக்கும், சுழலும். இது இந்தக் கம்பெனியின் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேர் காரின் இதே கோளாறை முன்வைத்துத்தான் 1965-ல் ரால்ஃப் நாடர் 'அன்சேஃப் அட் எனி ஸ்பீடு' புத்தகத்தின் முதல் அத்தியாயத்தையே எழுதினார். காருக்குள் இருக்கிறவரைக் காப்பாற்றுவது கார் செய்கிறவரின் பொறுப்பு என்ற எண்ணம் பரவ அந்தப் புத்தகம் பெரிய காரணம்.

ஒரே நோய், இரண்டு ஊரில் இரண்டு வைத்தியம். பிரிட்டனில் ஸ்பிட்ஃபயருக்கு 1970-ல் பின்பக்கப் பட்டையின் அமைப்பையே மாற்றி ஸ்விங் ஸ்பிரிங் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டுக்குப் பதிலாக கஸெல் என்ற காரை விட்டபோது, அந்தப் பின் ஆக்சிலையே தூக்கிவிட்டு, லாரியில் இருப்பது போல் ஒரே தண்டான ஆக்சில் போட்டார்கள். நம்ம ரோட்டுக்கும் நம்ம மெக்கானிக்குக்கும் அதுதான் சரி. ஒரு மருத்துவனாக எனக்கு இந்திய வைத்தியம்தான் பிடித்திருக்கிறது. அழகு போனாலும் ஆள் பிழைக்கணும்.

கஸெலும் சில வருஷத்தில் நின்றது. 1985-ல் ரோவர் எஸ்டி1 என்ற பெரிய காரை ஸ்டாண்டர்டு 2000 என்று கொண்டுவந்தார்கள். பார்க்க ராஜா. உள்ளே அரதப் பழைய வேன்கார்டு வழி வந்த எஞ்சின். விலை அதிகம், மைலேஜ் மோசம். 1988-ல் கதவை மூடியாயிற்று.

கார் கம்பெனி செத்தால் கார் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்? பார்ட்ஸ் தீரும்வரை. அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் கடலுக்கு அந்தப்பக்கம் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1977-ல் பிரிட்டனில் ட்ரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் தொடங்கியது. ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு, இவற்றின் உறவுக்கார வண்டிகளை வைத்திருப்பவர்களின் சங்கம். பெரும்பாலும் சாதாரண சம்பளக்காரர்கள், சனி ஞாயிறு தன் வீட்டு வாசலில் தானே வண்டிக்கடியில் படுப்பவர்கள். ஒருவர் கண்டுபிடித்ததைப் பத்திரிகையில் எழுதுவார், பத்து பேர் செய்து பார்ப்பார்கள், பதினோராவது ஆள் "அது தப்பு" என்பார். வாங்க ஆள் இருப்பது தெரிந்ததும் வியாபாரிகள் பார்ட்ஸை மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள். அந்தப் பார்ட்ஸ்தான் கப்பலேறி காவேரிப்பாக்கம் டீக்கடை வரை வந்திருக்கிறது.

கேளுங்க, இது ஒருவழிப் பாதையும் இல்லை! வண்டலூரில் கிடந்த ஸ்டாண்டர்டு 2000 உதிரிபாகங்களை, பல வருஷம் கழித்து பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் மொத்தமாக வாங்கிப் போனார்கள். அங்கே ரோவர் எஸ்டி1 வைத்திருக்கும் வெள்ளைக்காரர் காரில் நம்ம மெட்ராஸ் பார்ட்ஸ் மாட்டியிருக்கலாம். சில உறுப்பு தானங்களில் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் அறிமுகம் இருக்காது. இங்கேயும் அப்படியேதான்.

சரி, அந்தத் தம்பி கார் ஏன் நின்றது? பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு ஊதிப்போயிருந்தது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்கு முன் 2000-ல் ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முழுக்க நிறுத்தினார்கள். குழந்தைகளின் மூளைக்கு அது எவ்வளவு பெரிய நன்மை என்று தனி இழையே எழுதலாம். ஆனால் பழைய எஞ்சினின் வால்வு சீட்டுக்கு அந்த ஈயம்தான் கவசம். அதற்கும் கடினமான சீட் போட்டு ஒரு வழி கண்டுபிடித்தார்கள் இந்த ஆட்கள்.

என்னிடம் இளைப்புக்கு மருந்து வாங்கும் ஒரு பாய் இருக்கிறார். எழுபது தாண்டியவர், இளவயதில் மெட்ராஸ் புதுப்பேட்டையில் மெக்கானிக். போன் போட்டேன். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்தார். நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். நான் ஸ்டெத் வைக்கும் அதே முகபாவம்!

"டேப்பட் பத்து தௌ வெச்சிருக்கியா தம்பி?"

"வெச்சிருக்கேன் பாய்."

"முன்னாடி அடியில இன்னா போடுற? கிரீஸா?"

தம்பி சிரித்தார். "கியர் ஆயில் பாய். தொண்ணூறு."

பாய் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கணுமே.

விஷயம் இதுதான். இந்த காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு, கீழே ஒரு பித்தளைக் கட்டைக்குள் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில்தான் சுற்றும். அங்கே கெட்டி எண்ணெய்தான் போக வேண்டும். கிரீஸ் அடித்தால் உள்ளே போகாது, காய்ந்து கட்டியாகும், ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் வெளிப்பக்கமாக மடங்கிப் படுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே. பார்த்தால் கிரீஸ் அடிக்கிற இடம் மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து. உலகம் முழுக்க ட்ரையம்ஃப் வைத்திருப்பவர்கள் புதிதாக வருகிறவருக்கு முதலில் சொல்லித்தரும் பாடம் இது.

தம்பி அதை பிரிட்டிஷ்காரர்கள் எழுதியதைப் படித்துக் கற்றார். பாய்க்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. புதுப்பேட்டையில் அவருடைய உஸ்தாத் மண்டையில் குட்டிச் சொல்லித் தந்தது. "சர்வீஸ் ஸ்டேஷன்ல பசங்க கிரீஸ் அடிச்சுட்டு அனுப்பிடுவானுங்க டாக்டர். ரெண்டு வண்டி படுத்ததை நானே பாத்திருக்கேன்" என்றார். ஒன்றில் ஆள் போய்விட்டதாம். அதற்கு மேல் கேட்கவில்லை.

வீட்டில் பழைய வண்டியைக் கையால் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: பிரேக் டிரம்மைத் திறந்ததும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். பழைய பிரேக் லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். நம் நாட்டில் அதற்கு இன்னும் முழுத் தடை கிடையாது. நுரையீரலில் போய் உட்கார்ந்தால் இருபது, முப்பது வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஈரத்துணியால் துடைத்து, பையில் கட்டிப் போடுங்கள். பாய் காலம் முழுக்க ஊதியவர். அவருடைய இளைப்புக்கு பீடி ஒரு காரணம், இந்தத் தூசிக்கும் பங்கு இருக்கும் என்பது என் சந்தேகம். இந்தப் பாடத்தை அவருடைய உஸ்தாதுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி போட்டது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' என்ற எழுத்தோடு விண்டேஜ் நம்பர் கிடைக்கும், ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. தம்பி அதை எடுக்கவில்லை. "ஓட்டத்தானே சார் வெச்சிருக்கேன்" என்றார். ஸ்பேர் சவ்வு டிக்கியிலேயே இருந்தது, எத்தனாலுக்குத் தாங்குகிற ரகம். பாய் டார்ச் பிடிக்க, முக்கால் மணி நேரத்தில் மாற்றிவிட்டார்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். சோழவரம் கதையெல்லாம் பாய் சொல்லச் சொல்ல போனில் பதிவு செய்துகொள்கிறார். போன தடவை இன்னும் இரண்டு ஹெரால்டு கூட வந்தது, ஒன்று நான்கு கதவு. பாய் மூன்றுக்கும் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, நான்கு கதவு வண்டிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டார்.

அவர் கிரீஸ் அடித்திருந்தார்.