எருவும் எலியும்

"ஆராய்ச்சியா? அது அறிஞர்தம் பொழுதுபோக்கு. அரசுக்கு அங்கே என்ன அலுவல்?" என்று கேட்போர் இன்றும் உளர். அவர்கட்கு எருவின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம் நாம்.

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்திலே, வளங்குன்றிய வயலுக்கு வணிகர் விற்ற எருவை நம்பி வாங்கினர் உழவர். விளைந்தது என்ன? வேதனை! யேல் கல்லூரியின் வேதியியல் அறிஞர் சாமுவேல் ஜான்சன் அந்த எருவைச் சோதித்தார். பல, கொடுத்த விலைக்குத் தகாதவை. சில, வெறும் ஏமாற்று. ஜெர்மனியிலே பயின்றவர் அவர். சாக்சனி அரசின் ஆதரவுடன் லைப்சிக் அருகே மோக்கர்னில் நடைபெற்ற வேளாண்மை ஆய்வு நிலையம்போல இங்கும் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்.

1875-இல் மாநிலச் சட்டமன்றம் இணங்கியது. தந்ததோ ஆண்டுக்கு 2,800 டாலர். அதுவும் இரண்டே ஆண்டுக்கு! வெஸ்லியன் பல்கலைக்கழகம் இடம் ஈந்தது. அமெரிக்காவின் முதல் மாநில வேளாண்மை ஆய்வு நிலையம் அப்படித்தான் பிறந்தது. மத்திய அரசு விழித்தெழுந்து, ஹேட்ச் சட்டத்தின் வழியே மாநிலந்தோறும் ஆண்டுக்கு 15,000 டாலர் வழங்க முன்வந்தது 1887-இல்தான். முன்னே நடந்தவை மாநிலங்கள். பின்னே வந்தது மத்திய அரசு. இதை நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் தேவையா, தோழர்களே?

விஸ்கான்சின் மாநிலத்திலோ பால் தொல்லை. எடைக்கு விலை என்றிருந்ததால் தண்ணீர் கலந்தவன் கொழுத்தான். நல்ல பால் தந்தவன் இளைத்தான். சத்தியம் வாங்கியா இதைத் தீர்ப்பது? அம்மாநில ஆய்வு நிலையத்தின் ஸ்டீபன் பாப்காக், 1890-இல் ஒரு முறை கண்டார். பாலுடன் கந்தக அமிலம் சேர்த்தால் கொழுப்பு நீங்கலாக மற்றவை கரையும். புட்டியை வேகமாகச் சுழற்றினால் கொழுப்பு மேலே திரளும். எவ்வளவு என்பதைப் புட்டியின் கழுத்திலுள்ள கோடே சொல்லிவிடும். காப்புரிமை பெற்றிருந்தால் செல்வம் குவித்திருப்பார். பெறவில்லை அவர், பொதுவுக்கே விட்டார்.

ஆனால், உடனடிப் பயனை மட்டுமே கேட்கும் அரசு பாதி வழியிலேயே நின்றுவிடும். அதே நிலையத்தில் எல்மர் மெக்காலம், உணவு ஆய்வுக்கு எலி வளர்க்க விரும்பினார். எழுந்தது எதிர்ப்பு! எலி உழவனின் பகையாயிற்றே, அதற்கு மக்கள் பணத்தில் தீனியா என்றனர். துணைநின்றவர் முதியவர் பாப்காக். பன்றிக்கொழுப்பு உண்ட எலிகளின் வளர்ச்சி நின்றது. வெண்ணெய்க் கொழுப்பு உண்டவை வளர்ந்தன. மெக்காலமும் மார்கரெட் டேவிசும் 1913-இல் வெளியிட்ட அந்த முடிவிலிருந்து அறியப்பட்டதே, பின்னர் வைட்டமின் ஏ எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டில், தனியே உழைத்து, அதே வெண்ணெயைக் கொண்டே அதே முடிவுக்கு வந்தனர் ஆஸ்பர்ன், மெண்டல் எனும் இருவர். அவர்களுள் ஆஸ்பர்ன் பணியாற்றிய இடம், 2,800 டாலரில் தொடங்கிய அந்தக் கனெக்டிகட் நிலையம்.