கோப்பு எண் 3602

பழுப்பேறிய ஒரு டிரேசிங் தாள். அகலம் ஏறக்குறைய இரண்டேகால் அடி. பென்சிலாலும் வண்ணப் பென்சில்களாலும் வரைந்த ஒரு வீடு அதில் இருக்கிறது. அருவிக்கு மேலே அடுக்கடுக்காக மேடைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் வீடு. பென்சில்வேனியாவின் பேர் ரன் ஓடைமீது பிராங்க் லாய்ட் ரைட் எழுப்பிய ஃபாலிங்வாட்டர். அங்கே போயிராதவர்கள்கூட இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். கட்டடம் மனைமேல் வந்து உட்காரக் கூடாது, அந்தப் பாறையிலிருந்தும் நீரிலிருந்தும் முளைத்து வர வேண்டும் என்பது ரைட்டின் பிடிவாதம். ஆர்கானிக் கட்டடக்கலை என்று அவர் சொல்லிவந்தது இதைத்தான்.

1934 டிசம்பரில் இடத்தைப் பார்த்துவிட்டு வந்த ரைட், மாதக்கணக்கில் காகிதத்தில் கைவைத்ததாகத் தெரியவில்லை. 1935 செப்டம்பரில், வீட்டைக் கட்டச் சொன்ன பிட்ஸ்பர்க் வணிகர் எட்கர் காஃப்மன் மில்வாக்கியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, புறப்பட்டு வருவதாகச் சொன்னாராம். அவருடைய கார் விஸ்கான்சினில் இருக்கும் ரைட்டின் வீடான டாலியசினுக்கு வந்து சேர்வதற்குள், சீடர்கள் பென்சிலைச் சீவிச் சீவிக் கொடுக்க, ரைட் வீட்டின் தளங்களை வரைந்து முடித்துவிட்டார். உடனிருந்த சீடர்கள் பிற்காலத்தில் சொன்ன கதை இது. சொல்லச் சொல்லக் கொஞ்சம் மெருகும் ஏறியிருக்கும். அந்த அவசரக் கோடுகளிலிருந்து வளர்ந்ததுதான் நம் தாளில் இருக்கும் காட்சி. 1938 ஜனவரியில் டைம் இதழின் அட்டையில் ரைட்டுக்குப் பின்னால் இது நின்றது. அதோடு தாள் பிரபலமாகிவிட்டது.

அது வாழ்ந்த வீடோ தீக்குப் பேர்போனது. 1914இல் டாலியசின் எரிந்தது, 1925இல் மறுபடியும் எரிந்தது. பெர்லினின் வாஸ்முத் பதிப்பகம் வெளியிட்ட ரைட்டின் வரைபடத் தொகுப்பில் அமெரிக்காவுக்கென்று வந்திருந்த பிரதிகளில் பெரும்பகுதி முதல் தீயிலேயே போயிற்று. 1930களின் பிற்பகுதியிலிருந்து ரைட்டின் பரிவாரம் குளிர்காலத்தை அரிசோனாவில், டாலியசின் வெஸ்டில் கழிக்கத் தொடங்கியது. பிறகு அந்தப் பாலைவனமே காகிதங்களுக்கு இருப்பிடமானது.

1959இல் ரைட் மறைந்தபின் அவற்றைக் கட்டிக்காத்தவர் புரூஸ் புரூக்ஸ் ஃபைஃபர். 1949இல் சீடராக வந்து சேர்ந்தவர். ஒவ்வொரு பணிக்கும் நான்கு இலக்க எண், முதலிரண்டும் ஆண்டு என்ற முறையில்தான் அங்கே கோப்புகள் அடுக்கப்பட்டன. ஃபாலிங்வாட்டருக்குக் கிடைத்த எண் 3602. 1935இல் பிறந்த வடிவத்துக்கு 36இல் தொடங்கும் எண்! ஆவணக் காப்பகத்தில் ஒருமுறை விழுந்த எண்ணை யாரும் மாற்றுவதில்லை. மாற்றினால் அதை மேற்கோள் காட்டியவர்கள் எல்லோரும் வழிதவறிப் போவார்கள்.

1980களில் ரைட் அறக்கட்டளை பணத்தேவைக்காகச் சில வரைபடங்களை விற்கவும் செய்தது. தொகுப்பு என்பது சேர்ந்திருந்தால்தான் தொகுப்பு; அது ஒரு மோசமான காலம் என்றே சொல்வேன். அதே பத்தாண்டில் நல்லதும் நடந்தது. கெட்டி அமைப்பின் துணையோடு ரைட்டின் கடிதங்கள் மைக்ரோஃபிஷில் நகலெடுக்கப்பட்டன. 1988இல் ஆய்வாளர் அந்தோனி அலோஃப்சின் அவற்றுக்கு ஐந்து தொகுதிகளில் அட்டவணை கொண்டுவந்தார்.

2012 செப்டம்பரில் பெரிய இடமாற்றம் அறிவிக்கப்பட்டது. சுமார் 23,000 வரைபடங்கள், 44,000 புகைப்படங்கள், 3 லட்சம் அளவிலான கடிதத் தாள்கள், மாதிரி வடிவங்கள் எல்லாம் நியூயார்க் போயின. காகிதங்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகத்துக்கு. மாதிரி வடிவங்கள் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்கு. பதிப்புரிமை மட்டும் அறக்கட்டளையிடமே நின்றது.

இதுபோன்ற தாளை எண்ணிமப் படமாக்குவது பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். ஆனால் உருளை வைத்த ஸ்கேனரில் விட்டால் போதும், நொறுங்கிவிடும். டிரேசிங் தாள் வயதாக ஆக உடையும். வண்ணப் பென்சிலின் மெழுகோ மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கும், உரசினால் வந்துவிடும். ஆகவே மேசைமேல் படுக்கவைத்து, அடியில் வெள்ளை அட்டை கொடுத்து, மேலே தொங்கும் கேமராவால் எடுப்பார்கள். பக்கத்தில் நிறப்பட்டை ஒன்றை வைப்பார்கள். இல்லாவிட்டால் பழுப்பு என்பது தாளின் வயதா, விளக்கின் கோளாறா என்று பின்னால் யாருக்கும் தெரியாது. பெரிய மூலக் கோப்பைத் தனியே பூட்டிவைத்துவிட்டு, சிறு பிரதியைப் பார்வைக்குத் தருவார்கள்.

இவ்வளவும் செய்தபிறகு கையில் இருப்பது ஒரு அழகான படம். வீடு எப்படி நிற்கிறது என்பதை அது சொல்லாது. கீழ்த்தள உத்தரங்களில் ரைட் குறித்த கம்பி போதாது என்று பிட்ஸ்பர்க் பொறியாளர்கள் ஏறத்தாழ இரட்டிப்பாக்கினார்கள். தன்னை நம்பவில்லையே என்று ரைட் காஃப்மனுக்குக் கொதித்துக் கடிதம் எழுதினார். அந்தக் கூடுதல் கம்பியும் போதவில்லை. மேடை அதிகபட்சமாக ஏழு அங்குலம் வரை தொங்கிப்போய், 2002இல் பொறியாளர் ராபர்ட் சில்மனின் குழு எஃகு வடங்களை இழுத்துக் கட்டி அதை நிறுத்தியது. வண்ணப் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சண்டையே தெரியாது. கோப்பைத் திறந்து கடிதங்களைப் படிப்பவருக்குத்தான் தெரியும்.

கணினியில் ஏற்றும்போது முதலில் அறுபடுவது படத்துக்கும் கடிதத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பு. படம் ஒரு தளத்தில், கடிதம் வேறொரு தளத்தில், கட்டமைப்புத் தாள் இன்னும் பெட்டியில். அழகான தாள்களுக்குப் புரவலர் கிடைப்பார்கள். தட்டச்சுக் கடிதத்துக்குக் கிடைப்பது அரிது. எந்த ஊர்க் காப்பகமானாலும் சரி, ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் கடிதங்களை முதலில் எடுங்கள். அருவி வீட்டின் படத்தை உலகம் 1938லேயே பார்த்துவிட்டது.