முகமும் எழுத்தும்

எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. முகத்தை இனங்காணும் திறனோ அதைவிட எவ்வளவோ பழையது. ஆகவே எழுத்துப் பழகும் ஒவ்வொரு பிள்ளையும், வேறு வேலைகளுக்காக அமைந்த மூளையில் வாசிப்புக்கு ஓர் இடம் தேடவேண்டியுள்ளது. அந்த இடத்தை மருத்துவம் கண்டறிந்த வரலாறு, இரண்டு எழுத்துக்களுக்கு இடையில் வாழும் நாம் அறியவேண்டிய ஒன்றாகும்.

1887 ஒக்டோபரில் பாரிசில் ஓய்வுபெற்ற துணி வியாபாரி ஒருவர் திடீரென வாசிக்கும் ஆற்றலை இழந்தார். பேச்சுத் தடுமாறவில்லை, மனிதரை அடையாளங் கண்டார், இலக்கங்களை வாசித்தார், சொல்வதைக் கேட்டு எழுதவும் செய்தார். ஆனால் தாம் எழுதியதையே அவரால் வாசிக்க முடியவில்லை. எழுத்தின் வடிவத்தைக் கையால் வரைந்து பார்த்தே அது இன்ன எழுத்தென்று அறிந்தார். ஏடு தொடக்கலன்று அரிசியில் விரல் பிடித்து எழுதிய எமக்கு இது விளங்கும். 1892 இல் அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்த வைத்தியர் ஜூல் தெஜெரின், இடதுபக்கத்தின் பின்பகுதியில் சேதத்தைக் கண்டார். மொழி பழுதில்லாமலே வாசிப்பு மட்டும் போகலாம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

1947 இல் ஜேர்மனிய வைத்தியர் யோவாகிம் போடாமர், போரில் தலையில் காயம்பட்டு, முகங்களை இனங்காணும் ஆற்றலை இழந்தவர்களை விவரித்து, அந்நிலைக்கு ஒரு பெயரும் இட்டார். பழகிய உறவினரும் குரலைக் கொண்டே அவர்களுக்குத் தெரிந்தனர். குண்டுக்கும் செல்லுக்கும் தப்பிவந்த எமக்கு இது வெறும் புத்தகச் செய்தி அல்ல.

லண்டன் குவீன் ஸ்குவயரில் 1859 இல் நிறுவப்பட்ட நரம்பியல் வைத்தியசாலையில் பணியாற்றிய எலிசபெத் வொரிங்டன், 1984 இல் ஒரு ஞாபகப் பரிசோதனையை வெளியிட்டார். 50 சொற்களும், அறிமுகமற்ற ஆண்களின் 50 முகங்களும் ஒவ்வொன்றாகக் காட்டப்படும். பின்னர் இரண்டிரண்டாகக் காட்டி, முன்பு கண்டது எதுவெனக் கேட்கப்படும். சொற்களில் மட்டும் தவறினால் மூளையின் இடதுபக்கத்தையும், முகங்களில் மட்டும் தவறினால் வலதுபக்கத்தையும் வைத்தியர் சந்தேகிப்பர். சொற்கள் ஆங்கிலச் சொற்கள். முகங்களிலும் ஒரு சிக்கல் உண்டு: தம் இனத்தவரின் முகங்களையே மனிதர் இலகுவில் நினைவில் வைப்பர் என்பதை 1969 இல் அமெரிக்காவில் மல்பாஸ், கிராவிட்ஸ் ஆகிய இருவர் காட்டியிருந்தனர்.

எழுத்துக்கு எழுத்து சுமையும் வேறு. 1999 இல் தாயெகோ வைடெல், லண்டன் பேராசிரியர் பிரயன் பட்டர்வேர்த் ஆகியோர், யப்பானில் ஆங்கிலம் பேசும் குடும்பத்தில் வளர்ந்த இளைஞர் ஒருவரைப் பற்றி எழுதினர். யப்பானிய எழுத்துக்களை நன்றாக வாசித்த அவர், ஆங்கிலத்தில் மட்டும் கடுமையாகத் தடுமாறினார். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டம் பல ஒலி தரும். தமிழில் கொம்பு முன்னால் நின்று பின்னால் ஒலிக்கும். ககரம் இடத்துக்கேற்ப மாறும். எனினும் விதி பிடிபட்டால் அறியாத சொல்லையும் வாசித்துவிடலாம். ஆங்கிலப் பாடத்தில் பின்தங்கும் பிள்ளைக்குத் தமிழை நிறுத்தச் சொல்வோர் இந்த இளைஞரை நினைக்கவேண்டும்.

2010 இல் ஸ்தானிஸ்லாஸ் தெஹான் குழுவினர் பிரேசில், போர்த்துக்கல் மக்களை ஆராய்ந்தனர். எழுத்தறிவு வரும்போது முகங்களுக்கான வேலையில் ஒரு பங்கு இடதிலிருந்து வலதுக்கு நகர்வதாகக் கண்டனர். 2019 இல், வட இந்தியாவில் தேவநாகரி வாசிப்போரையும் எழுத்தறியாதோரையும் ஒப்பிட்ட ஆய்வோ, எழுத்து வந்ததால் முகங்கள் எதையும் இழக்கவில்லை என்றது. விவாதம் தொடர்கிறது.

எமது முதியோர் இன்று இந்நகர வைத்தியசாலைகளுக்கு ஞாபகப் பரிசோதனைக்காகச் செல்கின்றனர். ஆங்கிலச் சொல்லை மறந்தவர் தமிழ்ச் சொல்லையும் மறந்துவிட்டார் என்று முடிவுகட்ட முடியாது. பேரப்பிள்ளை மொழிபெயர்ப்பதும் போதாது. அம்மம்மாவுக்கு உதவும் எண்ணத்தில் அவளது விடையைத் திருத்திவிடும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்போம். அவர் எந்த எழுத்தில், எத்தனையாம் வகுப்புவரை படித்தார் என்பதையும் வைத்தியருக்கு முதலிலேயே சொல்லிவைப்போம்.