பனிக்கால டயர்
பனி படர்ந்த சாலைகளுக்கென உருவாக்கப்பட்ட வாகன டயர். 1934இல் பின்லாந்தில் லாரிகளுக்காக முதன்முதலில் தயாரிக்கப்பட்டது. சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். சிலிக்கா மிகுந்த இதன் ரப்பரோ நெகிழ்வாகவே இருக்கும். பட்டன்களிலுள்ள மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்விப் பிடிக்கின்றன.

தேர்வு: பக்கச் சுவரில் மூன்று மலைமுகடுகளுக்குள் பனித்துகள் பொறித்த முத்திரை, பனியில் சோதித்துத் தேறியதற்கு அடையாளம். ‘எம்+எஸ்’ குறி மட்டும் அதற்கு ஈடாகாது. நான்கு சக்கரங்களிலும் ஒரே வகை டயர் வேண்டும். இரண்டில் மட்டும் மாட்டினால் வளைவில் வண்டி சறுக்கும்.

ஆல்ப்ஸ் நாடான ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனி இருக்கையில் கார்களுக்கு இவை கட்டாயம்; ரேடியல் டயரின் பட்டன் ஆழம் குறைந்தது 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பனி மூடிய செங்குத்தான ஏற்றங்களில் சக்கரச் சங்கிலியும் தேவைப்படலாம்.