ஒலியை முந்திய விமானமும் ஒக்லகோமா நகர மக்களும்

வானத்திற் பறப்பவனின் விரைவுக்கும் நிலத்தில் வாழ்பவனின் அமைதிக்குமிடையே வழக்கொன்று எழுந்தால் தீர்ப்புக் கூறத்தக்கவர் யார்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த இவ்வினா இன்னும் ஓய்ந்தபாடில்லை.

1947 ஒக்டோபர் 14 ஆந் திகதி சக் யேகர் என்னும் விமானி ஒலியின் வேகத்தைக் கடந்து பறந்தார். அவ்வாறு பறக்கும் விமானம், முன்னுள்ள காற்று விலகுவதற்கு அவகாசமளியாது அதனை நெருக்குகின்றது. நெருக்குண்ட காற்று, ஓடும் படகின் இருமருங்கும் விரியும் அலைபோலப் பரந்து, நிலத்தை அடையும்போது வெடியோசையாகக் கேட்கின்றது. ஒலியின் வேகத்தைக் கடக்குங் கணத்தில் மாத்திரமே இவ்வோசை பிறக்கும் எனப் பலர் கருதுவர். அது தவறாகும். விமானம் அவ்வேகத்திற் செல்லும் வழிநெடுகிலும், பல மைல் அகலத்துக்கு, ஓசை தொடர்ந்து செல்லும்.

போர் விமானங்களுக்கே உரியதாயிருந்த இவ்வேகத்தைப் பிரயாணிகளுக்கும் அளிக்கும் திட்டத்தைச் சனாதிபதி கென்னடி 1963 இல் அறிவித்தார். மக்கள் இவ்வோசையைப் பொறுப்பார்களா என்றறிய ஒக்லகோமா நகரம் தெரிந்தெடுக்கப்பட்டது. 1964 பெப்ரவரி 3 முதல் ஏறக்குறைய ஆறு மாதம், நாளொன்றுக்கு எட்டு வரையாக, 1,253 வெடியோசைகள் அந்நகரில் எழுப்பப்பட்டன. இரவில் ஒன்றேனும் எழுப்பப்படவில்லை. விமானத் தொழிலால் வளம் பெற்ற நகரமாதலின் தொடக்கத்தில் வரவேற்பே மிகுந்திருந்தது. ஆயினும் முதற் பதினான்கு வாரங்களுள் மிகவுயர்ந்த இரு கட்டடங்களில் 147 யன்னற் கண்ணாடிகள் உடைந்தன. முறைப்பாடுகள் பதினையாயிரத்தைக் கடந்தன.

இவ்வோசையுடன் வாழ முடியும் என்று தொடக்கத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வரையிற் கூறினர். முடிவில் அத்தொகை 73 ஆகக் குறைந்தது. எஞ்சிய 27 பேர் முடியாது என்றனர். பெரும்பான்மையோர் இசைந்தனர் என அமைவதா, நால்வரில் ஒருவருக்கு மேற்பட்டோரின் துயரைக் கருதுவதா என்பதே விவாதத்தின் உயிர்நாடியாயிற்று. பயணத்தின் பயனைப் பெறுவோர் சிலர். ஓசையைச் சுமப்போர் பலர். அவர்களிடம் எவரும் பயணச்சீட்டு விற்கவில்லை.

1967 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் அறிஞர் வில்லியம் சேர்க்கிளிப் இதனை எதிர்ப்பதற்குக் குடிமக்கள் சங்கமொன்றை நிறுவினார். செலவுப் பளுவும் எதிர்ப்பும் சேர, 1971 இல் அமெரிக்கக் காங்கிரஸ் திட்டத்துக்குரிய பணத்தை நிறுத்தியது. 1973 இல் நிலத்தின்மேல் குடிசார் விமானங்கள் ஒலியை முந்திப் பறப்பது தடை செய்யப்பட்டது. அவ்விதி ஓசைக்கு அளவு வகுக்கவில்லை, வேகத்தையே தடுத்தது. 1976 இற் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கிய கொங்கோர்ட் விமானம், 2003 இல் ஓய்வுபெறும் வரையும், பெரும்பாலும் கடலின் மேலேயே தன் முழுவேகத்தைக் காட்டியது.

குற்றம் ஓசையினதாக இருக்க, வேகத்தைத் தண்டிப்பதேன் என்பது பிற்காலத்தார் வாதம். கொங்கோர்ட் எழுப்பிய ஓசை, செவிக்குப் புலனாகும் அளவில் ஏறத்தாழ 105 தெசிபெல். அதனை 75 ஆகக் குறைக்கும் நோக்குடன் நாசா நிறுவனம் அமைத்த எக்ஸ்-59 என்னும் விமானம் 2025 ஒக்டோபர் 28 இல் முதன்முறை பறந்தது. அதற்கு முன்னரே, அவ்வாண்டு யூன் 6 இல், பழைய தடையை நீக்கி ஓசையளவு விதியொன்றை வகுக்குமாறு அமெரிக்கச் சனாதிபதி ஆணையிட்டார்.

ஓசையை அளக்கக் கருவி உண்டு. பொறுமையை அளக்கக் கருவி இல்லை. எவ்வளவு தெசிபெல் தகும் என்பதைப் பொறியியலாளர் மாத்திரம் தீர்மானித்தல் இயலாது. பகலில் உழைப்பவரையன்றி, இரவில் உறங்கும் குழந்தையையும் நோயாளியையும் கருத்திற்கொண்டே எல்லை வகுக்கப்படல் வேண்டும். ஒக்லகோமாவில் முடியாது என்று கூறிய அந்த 27 பேரின் விடையும் அக்கணக்கிற் சேர்க்கப்படும்போதே அவ்வெல்லை நீதியான எல்லையாகும்.