டிராஃப்ட்டும் ஏலமும்: ஒரகடம் பஸ்ஸில் கேட்ட ஒரு கேள்வி

2025 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை. அபுதாபியில் ஐபிஎல் ஏலம். ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகத் தாம்பரம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. நான் தொழிற்சாலை உற்பத்திக் கணக்குக்கு மென்பொருள் எழுதுகிறவன். வழக்கமாக ஏறினதும் கண்ணை மூடிவிடுவேன். அன்றைக்கு முடியவில்லை.

பிரசாந்த் வீர் என்ற 20 வயதுப் பையனை சென்னை சூப்பர் கிங்ஸ் 14.20 கோடிக்கு எடுத்திருந்தது. கார்த்திக் சர்மா என்ற 19 வயது விக்கெட் கீப்பருக்கும் அதே 14.20 கோடி. ரெண்டு பேருக்கும் அடிப்படை விலை 30 லட்சம்தான். இந்தியாவுக்கு ஒரு மேட்ச்கூட ஆடாத வீரர்களுக்கு ஐபிஎல் ஏலத்தில் அதுவரை யாரும் இவ்வளவு கொடுத்ததில்லை.

"ஜட்டுவை அனுப்பிட்டு இவனா? யாருய்யா இவன்?" என்றார் மெயின்டனன்ஸ் பிரிவு அண்ணன் ஒருவர்.

"அண்ணே, ஜட்டுவுக்கு 37 வயசு. இந்தப் பையன் பத்து வருஷம் ஆடுவான்."

"நமக்கு வேண்டியது டெத் பவுலர்டா. எடுத்தது யாரை?"

"நம்ம ஊரு பையன் ஒருத்தன்கூடவா கிடைக்கலை?"

இப்படியே வண்டி படப்பை தாண்டிவிட்டது. என் பக்கத்து சீட்டில் ஒரு டிப்ளமோ டிரெய்னி. அதுவரை வாயே திறக்காதவன் மெதுவாகக் கேட்டான்: "அந்தப் பையனை யாராச்சும் கேட்டாங்களா சார், நீ எந்த டீமுக்குப் போறேன்னு?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் இரண்டு வாரம் என்னைத் தேட வைத்துவிட்டது. தேடினதில் கிடைத்தவை கீழே.

முதல் டிராஃப்ட்

அமெரிக்காவில் ஏலம் கிடையாது. அங்கே டிராஃப்ட். போன வருஷம் மோசமாக ஆடின அணி முதலில் ஒரு இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும், அடுத்து அதற்கு மேலே இருந்த அணி, இப்படி வரிசையாக. தேர்ந்தெடுக்கப்பட்டவர் அந்த அணியோடுதான் ஒப்பந்தம் பேச முடியும். கூடைப்பந்து ரசிகர்கள் ஒவ்வொரு வருஷமும் மாதக்கணக்கில் சண்டை போடுவது, நம் முறை வரும்போது யாரை எடுக்கணும் என்பதற்காகத்தான்.

ஆனால் இது கூடைப்பந்தில் பிறந்ததல்ல. அமெரிக்கக் கால்பந்தில், ஃபிலடெல்ஃபியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935ல் கொண்டுவந்த யோசனை. நல்ல வீரர்களைப் பணக்கார அணிகள் அதிகச் சம்பளம் காட்டி இழுத்துக்கொண்டன, பெல்லின் அணி கடைசியில் கிடந்தது. 1936 பிப்ரவரியில் ஒரு ஹோட்டல் அறையில் 90 பெயர்களைப் பலகையில் எழுதிவைத்து முதல் டிராஃப்ட் நடந்தது. கூடைப்பந்துக்கு இந்த முறை வந்தது 1947ல்.

பலவீனமான அணிக்கு உதவி என்று சொல்லப்பட்டது. உண்மைதான். கூடவே இன்னொன்றும் நடந்தது: ஒரு வீரருக்காக ரெண்டு அணிகள் போட்டி போடுவது நின்றது. போட்டி நின்றால் சம்பளம் ஏறாது. முதலாளிகளுக்கு இதில் இருந்த லாபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த முதல் டிராஃப்ட்டில் முதல் பெயர் ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம். ஃபிலடெல்ஃபியா அவரை எடுத்து, அவரோடு பேசும் உரிமையை சிகாகோ பேர்ஸ் அணிக்கு மாற்றிக் கொடுத்தது. அவர் கேட்ட சம்பளத்துக்கு பேர்ஸ் ஒத்துவரவில்லை. "சரி, வேண்டாம்" என்று போய்விட்டார். தொழில்முறைப் போட்டி ஒன்றில்கூட அவர் ஆடவில்லை.

எங்கே போனார் தெரியுமா? ஒரு ரப்பர் கம்பெனி வேலைக்கு. பிறகு சொந்தமாகத் தொழில் ஆரம்பித்து, கார், லாரி, விவசாய இயந்திரங்களுக்கு ரப்பர் பட்டைகள் செய்தார். கார் கதவைச் சாத்தினால் தண்ணீர் உள்ளே வராமல் அடைக்கிற பட்டை. ஒரகடத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உலகத்தின் முதல் டிராஃப்ட்டில் முதலாவதாகத் தேர்வானவர் கடைசியில் நம்ம லைனுக்குத்தான் வந்தார்!

தேவையா, திறமையா?

ஐபிஎல்லிலும் ஒரு டிராஃப்ட் நடந்தது. பலருக்கு இது மறந்துவிட்டது. 2008 பிப்ரவரி 20 ஏலத்தில் சென்னை தோனியை 15 லட்சம் டாலருக்கு எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்த மாதமே, 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை ஜெயித்து வந்த பையன்களை அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அதில் ஏலம் இல்லை. சம்பளம் முன்கூட்டியே நிர்ணயம்.

முதல் வாய்ப்பு டெல்லிக்கு. பட்டியலில் டெல்லிப் பையன், கோப்பை ஜெயித்த கேப்டன் விராட் கோலி இருந்தார். டெல்லி எடுத்தது பிரதீப் சங்வான் என்ற இடது கை வேகப்பந்து வீச்சாளரை. கோலி 30,000 டாலருக்கு, அன்றைய கணக்கில் சுமார் 12 லட்சம் ரூபாய்க்கு, பெங்களூர் போனார்.

இன்றைக்குச் சிரிக்கலாம். அன்றைய டெல்லி அணியைப் பாருங்கள்: சேவாக், கம்பீர், டி வில்லியர்ஸ், தில்ஷான், ஷிகர் தவன். பேட்டிங்குக்கு இடமே இல்லை, பவுலர் தேவை. நம்ம பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களும் சங்வானைத்தான் எடுத்திருப்பார்கள்.

இதே தர்க்கம் 1984ல் கூடைப்பந்திலும் நடந்தது. ரெண்டாவது வாய்ப்பு போர்ட்லேண்ட் அணிக்கு. முந்தின வருஷம்தான் கிளைட் டிரெக்ஸ்லரை எடுத்திருந்தார்கள். அதே இடத்தில் ஆட இன்னொருவர் எதற்கு என்று உயரமான சாம் போவியை எடுத்தார்கள். அடுத்து வந்த சிகாகோ எடுத்தது மைக்கேல் ஜோர்டனை. போவியைக் காயங்கள் விடவில்லை. ஜோர்டன் ஆறு பட்டம் ஜெயித்தார்.

சரி, அப்போ திறமையை எடுத்தால் போதுமா? கோலியை எடுத்த பெங்களூருக்கு முதல் கோப்பை கிடைத்தது 2025 ஜூன் 3ல். 18வது சீசன். சரியான ஆளை எடுத்த பிறகும் ஒரு குழந்தை பிறந்து ஓட்டுப் போடும் வயசை நெருங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

நம்ம ஊரு பையன் வாதத்துக்கும் வரலாறு உண்டு. 1960களின் நடுப்பகுதி வரை அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள், தங்கள் முதல் வாய்ப்பை விட்டுக்கொடுத்துவிட்டு, பக்கத்துக் கல்லூரி வீரர் ஒருவரை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். உள்ளூர் ஆள் ஆடினால்தான் டிக்கெட் விற்கும். ஐபிஎல்லிலும் ஆரம்பத்தில் ஒவ்வொரு அணியும் தன் வட்டாரத்திலிருந்து குறைந்தது நான்கு பேரை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. ரெண்டு இடத்திலும் அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை.

கேட்டதற்குக் கிடைத்த தண்டனை

இப்போது டிரெய்னியின் கேள்விக்கு வருகிறேன். அதற்கான பதில் நம்ம ஜட்டுவின் கதையிலேயே இருக்கிறது.

2008ல் கோப்பை ஜெயித்த அதே அணியின் துணை கேப்டன் ரவீந்திர ஜடேஜா. அவர் ராஜஸ்தானுக்குப் போனார். முதல் சீசனிலேயே ராஜஸ்தான் சாம்பியன். ஒப்பந்தம் முடிகிற நேரத்தில், ராஜஸ்தானோடு புதுப்பிக்காமல் வேறு அணியோடு தானே பேச முயன்றார் என்று 2010 சீசன் முழுக்க அவருக்குத் தடை. பந்தைச் சேதப்படுத்தியதற்கோ சூதாட்டத்துக்கோ அல்ல, தன் வேலைக்கு இன்னொரு இடத்தில் விலை விசாரித்ததற்கு!

அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2011 ஏலத்தில் கொச்சி அவருக்குக் கொடுத்தது 9.5 லட்சம் டாலர். 2012ல் சென்னை கொடுத்தது 20 லட்சம் டாலர். அதாவது அவருக்கு அப்படி ஒரு விலை இருக்கத்தான் செய்தது. அதை அவர் கேட்ட விதம்தான் குற்றமாகிவிட்டது.

2023 இறுதிப் போட்டியில் கடைசி ரெண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்து நமக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 2025 நவம்பரில் சஞ்சு சாம்சனுக்கு மாற்றாக ராஜஸ்தானுக்கே திரும்பினார். 18 கோடி சம்பளம் 14 கோடியானது. அவர் இடத்துக்கு வந்த 20 வயதுப் பையனுக்கு 14.20 கோடி.

ஏலத்தில் மட்டும் வீரருக்குச் சுதந்திரமா? அதுவும் இல்லை. அடிப்படை விலையைச் சொல்லலாம், ஊரைச் சொல்ல முடியாது. எடுத்த பிறகு காரணமில்லாமல் விலகினால் இப்போது ரெண்டு வருஷத் தடை. 2025ல் டெல்லி அணியிலிருந்து விலகிய இங்கிலாந்தின் ஹாரி புரூக்குக்கு அதுதான் நடந்தது. ஏலத்தில் வீரருக்குக் கிடைப்பது விலை மட்டும்தான். டிராஃப்ட்டில் அதுவும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

இதை எழுதும்போது என் கல்லூரி ஞாபகம் வந்தது. நான் பி.இ. கடைசி வருஷம் படிக்கும்போது கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு விதி: ஒருவருக்கு ஒரு வேலை. ஒரு கம்பெனி எடுத்துவிட்டால் மற்ற கம்பெனிகளின் தேர்வுக்கு உட்காரக் கூடாது. எல்லோருக்கும் வாய்ப்பு கிடைக்க வேண்டும் என்பதுதான் காரணம், நியாயமும்கூட. நான் முதல் வாரமே தேர்வானேன். வீட்டில் சர்க்கரைப் பொங்கல். பிறகு ஐடி துறை சரிந்து, சேரும் தேதியை அந்தக் கம்பெனி எட்டு மாதம் தள்ளிப்போட்டது. கடைசி வரை தேர்வாகாத நண்பன் ஒருவன் அதற்குள் வேறிடத்தில் வேலைக்குப் போய்விட்டான். அன்றைக்கு எனக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை. நானும் டிராஃப்ட் ஆனவன்தான்.

பெர்வாங்கர் ஏன் முடியாது என்று சொல்ல முடிந்தது? அவர் வீரம் மட்டும் காரணமில்லை. போவதற்கு வேறு வேலை இருந்தது. ஜடேஜாவுக்கு ஐபிஎல்லை விட்டால் இன்னொரு ஐபிஎல் இல்லை.

ஜனவரியில் ஒரு நாள் பஸ்ஸில் இந்தக் கதையை அந்த டிரெய்னியிடம் சொன்னேன். அவனுக்கு ஜூனில் டிரெய்னிங் முடிகிறது. பெர்மனென்ட் பண்ணுவார்களா, இல்லை காண்ட்ராக்ட்டில் போடுவார்களா என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. ஜோர்டன் கதைக்கு லேசாகத் தலையாட்டினான். ரப்பர் கம்பெனி கதையை மட்டும் ரெண்டாவது தடவை சொல்லச் சொன்னான்.

"பார்ட் டைம் பி.இ.க்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கேன் சார்," என்றான் கொஞ்ச நேரம் கழித்து. முன் சீட்டில் பிரசாந்த் வீர் சண்டை இன்னும் ஓயவில்லை. படப்பை வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.